குயின்ஸ் வீட்டிலிருந்து எம்பயர் ஸ்டேட் கட்டடம் வரை: ஃபூபு நிறுவனமும் டேமண்ட் ஜானும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபூபு என்பது என்ன? அதைத் தொடங்கியவர் யார்?

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் 1992ஆம் ஆண்டு உருவான ஆடை நிறுவனம் ஃபூபு. ஹாலிஸ் என்ற பேட்டையில் வளர்ந்த டேமண்ட் ஜான் தம் தாயின் வீட்டில் தொடங்கிய இத்தொழிலில், நண்பர்களான ஜே. அலெக்சாண்டர் மார்ட்டின், கீத் பெரின், கார்ல்டன் பிரௌன் ஆகிய மூவரும் பங்காளிகளாகச் சேர்ந்தனர். ‘நமக்காக, நம்மாலே’ என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயராயின. தொப்பி தைத்து நடைபாதையில் விற்றதில் தொடங்கிய அந்த நிறுவனம், 1998இல் ஆண்டுக்கு 35 கோடி டாலர் விற்பனையை எட்டியது.

ஜானைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய துணிச்சலையும் விடாமுயற்சியையும் முன்னிறுத்துகின்றனர். அவை இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் கதையின் உள்ளீடு வேறிடத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஹிப்-ஹாப் இளைஞர்கள் ஒரு பொருளின் மீது வைக்கும் நம்பிக்கை எவ்வளவு பெரிய மூலதனம் என்பதை ஜான் பிறர் கண்டுகொள்வதற்கு முன்பே கண்டுகொண்டார். ஃபூபு வளர்ந்ததும் பின்னர் தளர்ந்ததும் அந்த மூலதனத்தை அது கையாண்ட விதத்தால்தான்.

ஹிப்-ஹாப் ஓர் இசை வகைதானே? துணி வியாபாரத்துக்கு அதில் என்ன இடம்?

ஹிப்-ஹாப்பின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுவது 1973 ஆகஸ்ட் 11. அன்று பிராங்க்ஸ் பகுதியில் 1520, செட்ஜ்விக் அவென்யூ என்ற முகவரியில் உள்ள அடுக்கக வீடுகளின் பொதுக்கூடத்தில் ஒரு நடன விருந்து நடந்தது. அதை ஏற்பாடு செய்த சிண்டி கேம்ப்பெல் என்ற பள்ளி மாணவிக்கு, பள்ளி திறப்பதற்கு முன் புதுத்துணி வாங்கப் பணம் தேவைப்பட்டது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம் வைத்தார். இசைத்தட்டுகளைச் சுழற்றும் பொறுப்பை அவருடைய அண்ணன் கூல் ஹெர்க் ஏற்றார். ஆகவே ஆடைமீதான ஆசை பிற்காலத்தில் வணிகர்கள் ஹிப்-ஹாப்பின்மேல் ஏற்றிய ஒன்றன்று; முதல் நாளிலேயே அது உடன் இருந்தது.

கையில் பணம் குறைவாக இருந்த இளைஞர்கள், தாம் யார், எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்பதைக் காலணியாலும் தொப்பியாலும் சட்டையின் அளவாலும் அறிவித்துக்கொண்டனர். இசைக் கலைஞர் எதை அணிகிறாரோ அதை மறுவாரம் தெரு அணிந்தது. தெரு எதை அணிகிறதோ அதையே கலைஞரும் மேடைக்குக் கொண்டுசென்றார். இந்த இருவழிப் போக்குதான் பின்னாளில் எழுந்த எல்லா ஹிப்-ஹாப் ஆடை நிறுவனங்களுக்கும் அடித்தளம்.

அந்த மதிப்பின் பலனை முதலில் அனுபவித்தவர்கள் யார்?

வெளியாட்கள்தாம். ஜான் வளர்ந்த அதே ஹாலிஸைச் சேர்ந்த ரன்-டிஎம்சி குழு, 1986இல் அடிடாஸ் காலணிகளைப் போற்றி ஒரு பாடலை வெளியிட்டது. அவ்வாண்டு மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் குழுவினர் கேட்டுக்கொண்டவுடன் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் தம் காலணிகளைக் கழற்றி உயர்த்திப் பிடித்தனர். அதை நேரில் கண்ட அந்நிறுவன அதிகாரியின் முயற்சியால், பத்து லட்சம் டாலருக்குக் குறையாதது என்று சொல்லப்படும் ஒப்பந்தம் குழுவுக்குக் கிடைத்தது. ஒரு ராப் குழுவுக்கு அது அன்று மாபெரும் வெற்றி. ஆயினும் பாடகர்களுக்குக் கிடைத்தது கட்டணம் மட்டுமே. அவர்கள் கூட்டிக்கொடுத்த புகழ் ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் சொத்தாகவே தங்கியது. ஜானுக்கு அப்போது 17 வயது. தம் பேட்டைக்காரர்கள் சொன்னால் நாடே ஒரு காலணியை வாங்கும் என்பதை அவர் அருகிலிருந்து பார்த்தார்.

ஹார்லெம் பகுதியின் டாப்பர் டேனின் வரலாறும் இங்கே பொருந்தும். 1982இல் 125ஆவது தெருவில் கடை திறந்த அவர், ஐரோப்பிய ஆடம்பர நிறுவனங்களின் சின்னங்களைத் தோலிலும் துணியிலும் தாமே அச்சிட்டு, அந்நிறுவனங்கள் ஒருபோதும் தைத்திராத வடிவங்களில் ராப் கலைஞர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் ஆடை செய்துகொடுத்தார். கற்பனை அவருடையது, சின்னம் பிறருடையது என்பதால் வழக்குகளும் சோதனைகளும் தொடர்ந்து, 1992இல் கடை மூடப்பட்டது. 2017இல் குச்சி (Gucci) என்ற இத்தாலிய ஆடம்பர நிறுவனம் அவருடைய பழைய மேலாடை ஒன்றை ஒத்த ஆடையைத் தன் மேடையில் காட்டியது. எழுந்த கண்டனத்துக்குப் பிறகே அவருடன் கூட்டுச் சேர்ந்தது. சின்னம் யார் கையில் இருக்கிறதோ அவரே கடைசியில் பேசும் உரிமை பெறுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஜானுக்கு முன்பு கறுப்பினத்தவர் யாரும் சொந்தமாக ஆடை நிறுவனம் நடத்தவில்லையா?

நடத்தினார்கள். 1989இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ல் ஜோன்ஸும் டி.ஜே. வாக்கரும் தொடங்கிய கிராஸ் கலர்ஸ், ஆப்பிரிக்க வண்ணங்களும் தொளதொள வடிவமும் கொண்ட ஆடைகளால் நாடு முழுவதும் பெயர்பெற்றது. புரூக்ளினைச் சேர்ந்த கார்ல் கனாயும் அதே காலத்தில் தம் பெயரில் ஆடைகளை விற்றார். எனவே ‘முதல்வர்’ என்ற பட்டத்தை ஜானுக்குக் கொடுப்பது பொருந்தாது.

கிராஸ் கலர்ஸ் வீழ்ந்த விதம் மறக்கக் கூடாதது. அதன் சரக்கில் பெரும்பகுதியை வாங்கிய மெர்ரி-கோ-ரவுண்ட் என்ற கடைத்தொடர் 1994 ஜனவரியில் திவால் மனு அளித்தபோது, வரவேண்டிய பணமும் வாடிக்கையும் ஒரே நேரத்தில் அற்றுப்போயின. ஆடைகளுக்குத் தேவை குறைந்ததால் அந்த நிறுவனம் சாயவில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்ததால் சாய்ந்தது. ஃபூபு தேசியச் சந்தைக்குள் நுழைந்தது அதே ஆண்டில்.

ஜானின் முதல் விற்பனை எது?

நுனியைக் கயிற்றால் முடிந்த கம்பளித் தொப்பிகள் அப்போது தெருவில் பரவிக்கொண்டிருந்தன. கடையில் ஒரு தொப்பி 20 டாலருக்கு விற்கப்படுவதைக் கண்ட ஜான், அந்த விலைக்கு அதில் ஒன்றுமில்லை என்று கருதி, தாய் மார்கோட் கற்றுக்கொடுத்த தையலைக் கொண்டு, அண்டை வீட்டுக்காரர் ஒருவருடன் சேர்ந்து ஏறத்தாழ 90 தொப்பிகளைத் தைத்தார். ஜமைக்கா அவென்யூவில் நின்று ஒவ்வொன்றையும் 10 டாலருக்கு விற்றார். ஒரே நாளில் ஏறத்தாழ 800 டாலர் கையில் சேர்ந்தது. பாதி விலைக்குக் கொடுத்தும் மிச்சம் கிடைக்கும் என்ற கணக்கும், தைத்த கையே நேரில் நின்று விற்றால் வாங்குபவரின் மனத்தை உடனே அறியலாம் என்ற பாடமும் அன்று அவருக்குக் கிடைத்தன. பின்னர் டி-ஷர்ட்டுகளில் பெயர் அச்சிட்டும், விளையாட்டுச் சட்டைகளில் எழுத்துகளைத் தைத்தும் விற்கத் தொடங்கினார்.

தொடக்கத்திலேயே தொழில் ஓடிவிட்டதா?

இல்லை. நிறுவனம் முறையாக உருவாவதற்கு முன், 1989க்கும் 1992க்கும் இடையில், கையிருப்பு தீர்ந்ததால் மூன்று முறை தொழிலை நிறுத்தியதாக ஜான் கூறியிருக்கிறார். நிறுவனம் ஓரளவு வளர்ந்த பிறகும் ரெட் லாப்ஸ்டர் உணவகத்தில் பரிமாறும் வேலையை அவர் விடவில்லை. பணிநேரங்களுக்கு இடையே தைப்பதும், பொட்டலம் கட்டுவதும், கடைகளுக்குக் கொண்டுசேர்ப்பதுமாக நாள்களைக் கழித்தார். வேலையை விட்டுவிட்டுத் தொழிலில் குதித்தவர்களின் கதைகளே அதிகம் பேசப்படுகின்றன. ஜானின் கதையில் மாதச் சம்பளம்தான் தொழிலைக் காப்பாற்றியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கடைகளில் சரக்கு வைத்ததும் பெரும்பாலும் ‘விற்ற பிறகு பணம்’ என்ற ஏற்பாட்டில்தான். கடைக்காரருக்கு நட்டமில்லை என்பதால் இடம் கிடைத்தது. ஆனால் துணிக்கும் தையலுக்கும் செலவிட்ட பணம் திரும்பி வரும்வரை அடுத்த சரக்குக்குக் கை வறண்டிருந்தது.

விளம்பரத்துக்குப் பணமில்லாத நிறுவனம் நாடறிந்த பெயரானது எப்படி?

இந்த இடத்தில்தான் ஜானின் தொலைநோக்கு முழுமையாக வெளிப்படுகிறது. பனி ஹாக்கி ஆட்டக்காரர்கள் அணிவது போன்ற பெரிய சட்டைகள் பத்து மட்டுமே அவர்களிடம் இருந்தன. அவற்றைப் பாடல் காணொளிகள் படமாக்கப்படும் இடங்களுக்கு எடுத்துச்சென்று கலைஞர்களுக்கு அணியக் கொடுத்து, படப்பிடிப்பு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு, துவைத்து, அடுத்த படப்பிடிப்புக்குக் கொண்டுபோனார்கள். இவ்விதம் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 30 காணொளிகளில் அச்சட்டைகள் தோன்றியதாக ஜான் சொல்கிறார். 1988இல் தொடங்கிய எம்டிவியின் ராப் நிகழ்ச்சியும் அதைப் போன்ற உள்ளூர் நிகழ்ச்சிகளும் அக்காணொளிகளை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தன. பத்துச் சட்டைகளின் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருப்பதாகப் பார்த்தவர்கள் எண்ணினர்.

இதைத் தந்திரம் என்று சுருக்கிவிட எனக்கு மனமில்லை. கலைஞர்கள் அச்சட்டைகளைப் பணம் வாங்காமல் அணிந்தது, கொண்டுவந்தவர்கள் தங்கள் தெருப் பையன்கள் என்பதால். பெரிய நிறுவனத்தின் விற்பனை அதிகாரி எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் அந்த ஒப்புதலைப் பெற்றிருக்க முடியாது.

அவ்வாறு கிடைத்த ஆதரவுகளில் பெரியது எல்எல் கூல் ஜேயுடையது. குயின்ஸைச் சேர்ந்த அவர் அப்போதே நாடறிந்த ராப் பாடகர். 1993இல் ஃபூபு டி-ஷர்ட்டை அணிந்து விளம்பரப் படத்துக்கு நிற்க அவரை ஜான் இசைய வைத்தார். பேட்டைப் பழக்கம் என்ற ஒன்றைத் தவிர, அவரிடம் காட்டுவதற்கு அன்று இவர்களிடம் வேறெதுவும் இல்லை.

ஆர்டர்கள் குவிந்தும் நிறுவனம் ஏன் மூழ்கும் நிலைக்கு வந்தது?

1994இல் லாஸ் வேகாஸில் நடந்த மேஜிக் என்ற ஆடை வணிகக் கண்காட்சிக்கு அவர்கள் சென்றார்கள். அங்கே கடை போடக் கட்டணம் செலுத்த முடியாததால், விடுதி அறையில் ஆடைகளைத் தொங்கவிட்டு, கண்காட்சிக்கு வந்த கொள்முதல் அதிகாரிகளை அறைக்கு அழைத்துவந்து காட்டினார்கள். எல்எல் கூல் ஜேயின் படம் அங்கே பெரிதும் உதவியது. ஊர் திரும்பும்போது கையில் 3 லட்சம் டாலருக்கான ஆர்டர்கள் இருந்தன.

ஆர்டர் என்பது பணம் அன்று. அது இனிமேல் செய்யவேண்டிய செலவின் பட்டியல். துணி வாங்க இன்று பணம் வேண்டும். தைப்பவருக்கு வாரக்கூலி வேண்டும். சரக்கைப் பெற்ற கடை பணம் கொடுப்பதோ ஒன்றிரண்டு மாதம் கழித்து. இந்த இடைவெளியைத் தாண்ட முதல் இல்லாத தொழில்கள், விற்பனை இல்லாததால் அல்ல, விற்பனை மிகுந்ததாலேயே மூச்சுத்திணறிப் போகின்றன. கடன் கேட்டு ஏறி இறங்கிய வங்கிகளில் 27 மறுத்துவிட்டன. பிணையாகக் காட்டச் சொத்து இல்லாத, இருபதுகளில் இருந்த கறுப்பின இளைஞரின் ராப் ரசிகர்களுக்கான துணித்தொழில் என்ற ஒன்றை மதிப்பிட அவ்வங்கிகளிடம் அளவுகோலே இருக்கவில்லை.

அப்போது தாய் மார்கோட் குடும்ப வீட்டை அடமானம் வைத்து ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் புரட்டிக் கொடுத்தார். வசிப்பறையிலிருந்த சாமான்கள் வெளியேற, தையல் இயந்திரங்கள் உள்ளே வந்தன. வீட்டின் பாதி தொழிற்கூடமானது. அந்தப் பணமும் கரைந்தது. உற்பத்தியை நடத்திய அனுபவம் யாருக்கும் இல்லை, செலவுக்கு முன் வரவு வந்து சேரவில்லை. வீடே கைவிட்டுப்போகும் நிலையில், மிஞ்சியிருந்த சிறு தொகையைக் கொண்டு மார்கோட் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு வரி விளம்பரம் கொடுத்தார்: பத்து லட்சம் டாலருக்கு ஆர்டர் இருக்கிறது, முதலீடு தேவை என்பது அதன் சாரம். வந்த பதில்களில் பெரும்பாலானவை கந்துவட்டிக்காரர்களுடையவை என்று ஜான் நினைவுகூர்கிறார். ஒன்று மட்டும் வேறாக இருந்தது.

அந்தப் பதிலை அனுப்பியது சாம்சங்கா? அவர்களுக்கும் துணிக்கும் என்ன தொடர்பு?

ஆம், சாம்சங் குழுமத்தின் அமெரிக்க ஜவுளிப் பிரிவு. மின்னணுப் பொருள்களால் அப்பெயரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். சாம்சங் 1938இல் வணிக நிறுவனமாகத் தொடங்கி, 1950களிலேயே கம்பளித் துணி ஆலை நிறுவிய குழுமம். ஜவுளி அதன் பழைய தொழில்களில் ஒன்று.

1995இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, உற்பத்திக்கும் விநியோகத்துக்கும் தேவையான முதலும் தொழிற்சாலைத் தொடர்புகளும் சாம்சங் பக்கத்திலிருந்து வந்தன. வடிவமைப்பும், பெயரும், இளைஞர்களை அறிந்த அறிவும் ஃபூபு பக்கத்தில் இருந்தன. மூன்று ஆண்டுகளில் 50 லட்சம் டாலருக்கு விற்க வேண்டும் என்பது நிபந்தனை என்றும், மூன்றே மாதங்களில் 3 கோடி டாலருக்கு விற்றதாகவும் ஜான் தம் பேச்சுகளில் கூறி வருகிறார். வங்கிகள் பிணை தேடின. ஜவுளி அறிந்த நிறுவனம் ஆர்டர் தாள்களைப் படித்தது. 27 கதவுகள் மூடிய தொழிலுக்கு ஒரு கதவு திறந்ததன் காரணம் அவ்வளவே.

கேப் விளம்பரத்தில் நடந்தது என்ன?

1997இல் கேப் என்ற பெரிய அமெரிக்க ஆடை நிறுவனம், எல்எல் கூல் ஜேயை வைத்து 30 விநாடித் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றை எடுத்தது. அதில் ராப் பாடிய அவர் தலையில் ஃபூபு தொப்பி இருந்தது. பாடலின் நடுவே நிறுவனப் பெயரின் விரிவான ‘நமக்காக, நம்மாலே’ என்ற சொற்களையும் நுழைத்துவிட்டார். விளம்பரத்தை உருவாக்கியவர்களும் ஒப்புதல் அளித்தவர்களும் அதைக் கவனிக்கவில்லை. ஹிப்-ஹாப் கேட்டு வளர்ந்த இளைஞர் ஒவ்வொருவரும் கவனித்தார். போட்டி நிறுவனத்தின் செலவில் நாடு முழுவதும் ஃபூபுவின் விளம்பரம் ஓடியது.

விவரம் தெரிந்தபின் கேப் விளம்பரத்தை நிறுத்தியதாகவும், கறுப்பின இளைஞர்களிடையே தன் விற்பனை கூடியிருப்பதைக் கண்டு மீண்டும் ஒளிபரப்பியதாகவும் ஜான் கூறுகிறார். எல்எல் கூல் ஜே தம் புகழையும் வருமானத்தையும் பணயம் வைத்தே இதைச் செய்தார். ரன்-டிஎம்சி காலத்தில் பேட்டையின் புகழ் வெளியாரின் பொருளை விற்றது. பதினோரு ஆண்டுகள் கழித்து வெளியாரின் விளம்பரம் பேட்டையின் பொருளை விற்றது. ஹிப்-ஹாப் வணிக வரலாற்றில் இந்த 30 விநாடிகளுக்கு இணையான நிகழ்வை நான் காணவில்லை.

உச்சகாலத்தில் ஃபூபு எவ்வளவு பெரியதாக இருந்தது?

1998இல் 35 கோடி டாலர் விற்பனை என்பது, டோனா கேரன், டாமி ஹில்ஃபிகர் போன்ற பெயர்களோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசத்தக்க அளவு. பெரும் பல்பொருள் அங்காடிகள் ஃபூபுவுக்குத் தனிப் பகுதி ஒதுக்கின. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் நிறுவனத்தின் அலுவலகம் இயங்கியது. ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணி, ஃபேட் ஆல்பர்ட் கேலிச்சித்திரத் தொடர் ஆகியவற்றின் உரிமம் பெற்று, பிளாட்டினம் ஃபூபு என்ற பெயரில் தனி வரிசை வந்தது. 2001இல் இசைத்தொகுப்பு ஒன்றையும் வெளியிட்டார்கள். தொடங்கிய நாள் முதலான மொத்த உலக விற்பனை 600 கோடி டாலரைக் கடந்ததாகச் சொல்லப்படுகிறது.

பின்னர் ஏன் தளர்ந்தது?

முதற்காரணம், சரக்கு மிகுந்தது. தேவை உச்சத்தில் இருக்கும்போது அது அப்படியே நீடிக்கும் என்று எண்ணி அளவுக்கு மேல் உற்பத்தி செய்ததை ஜானே தவறு என ஒப்புக்கொண்டிருக்கிறார். அமெரிக்க அங்காடிகளின் வழக்கப்படி, விற்காத சரக்கைத் தள்ளுபடியில் தள்ளும்போது அந்த இழப்பின் ஒரு பகுதியைத் தயாரிப்பாளரும் ஏற்க வேண்டியிருக்கும். தள்ளுபடி அலமாரியில் ஒருமுறை தொங்கிய சட்டையை முழு விலைக்கு வாங்க மறுமுறை யாரும் முன்வருவதில்லை. மலிவுக் கடைகளில் எங்கும் கிடைக்கும் பொருளானபோது, ‘இது நம்முடையது’ என்ற உணர்வு அதிலிருந்து கழன்றுவிட்டது. தொடக்கத்தில் சொன்ன நம்பிக்கை என்ற மூலதனம் செலவழிந்தது இந்த வழியாகத்தான்.

இரண்டாவதாக, அதே வழியில் பலர் வந்தார்கள். 1998இல் ராப் பாடகர் பஃப் டாடியின் ஷான் ஜான், 1999இல் ராப் பாடகர் ஜே-ஸீயின் ராக்காவேர் எனக் கலைஞர்களே தம் சொந்த நிறுவனங்களைத் தொடங்கினர். தனக்கென்று ஒரு சின்னம் வைத்திருக்கும் பாடகர் ஃபூபு அணிவதற்குக் காரணமில்லை. கலைஞர்களின் அன்பால் வளர்ந்த நிறுவனம், கலைஞர்களே போட்டியாளர்களான சந்தையில் நிற்க வேண்டியதாயிற்று. பெரிய தொளதொள வடிவத்தின் மீதான மோகமும் புத்தாயிரத்தின் முதல் பத்தாண்டில் குறைந்தது.

2003 வாக்கில் ஃபூபு அமெரிக்கச் சந்தையில் தன் சரக்கைச் சுருக்கிக்கொண்டு வெளிநாட்டு விற்பனையில் கவனம் வைத்தது. விலகியதால் பெயர் மேலும் மலிவாகாமல் தப்பியது. வளர்ச்சியின்போது காட்டிய வேகத்தைவிட, பின்வாங்கியபோது காட்டிய நிதானத்தையே நான் இந்நிறுவனத்தின் சிறந்த முடிவாக மதிக்கிறேன்.

பிற ஹிப்-ஹாப் ஆடை நிறுவனங்கள் என்ன ஆயின?

பெரும்பாலும் விற்கப்பட்டன. ராப் இசை வணிகர் ரசல் சிம்மன்ஸ் 1992இல் தொடங்கிய ஃபாட் ஃபார்ம், 2004இல் கெல்வுட் நிறுவனத்துக்கு 14 கோடி டாலருக்குப் போனது. ஜே-ஸீயின் ராக்காவேர் பெயருரிமையை ஐகானிக்ஸ் 2007இல் 20.4 கோடி டாலருக்கு வாங்கியது. தொடங்கியவர்களுக்கு அது பெரும் பணம்; அதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் விற்ற பிறகு அப்பெயர்கள் உரிமக் கட்டணம் ஈட்டும் ஏட்டுக்கணக்குகளாக மாறின. ஃபூபுவின் பெயரைத் தொடங்கிய நண்பர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜான் ஒருவரையே புகழ்வது நியாயமா?

நியாயமன்று. தொலைக்காட்சி வெளிச்சம் அவர்மேல் விழுந்ததால் பங்காளிகள் மூவரின் பெயரும் மங்கிவிட்டது. அச்சட்டைகளைச் சுமந்து படப்பிடிப்புகளில் காத்துக்கிடந்ததும், லாஸ் வேகாஸ் அறையில் ஆடைகளை விரித்துக் காட்டியதும் கூட்டு உழைப்பு. மார்கோட் ஜானோ கடன் கொடுத்தவர் மட்டுமல்லர். தையல் கற்றுக்கொடுத்தவர், தொழிற்கூடத்துக்குத் தம் வீட்டையே விட்டுக்கொடுத்தவர், முதலீட்டாளரைத் தேடிப்பிடித்த விளம்பரத்தைக் கொடுத்தவர். இவையனைத்தையும் ஒருவர் செய்தால் தொழிலுலகில் அவரை நிறுவனர் என்றே அழைப்பார்கள். ‘ஆதரவளித்த தாய்’ என்று அவரை ஓரமாக நிறுத்தும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

ஏழை இளைஞர்களைப் பிராண்டு மோகத்துக்குள் இழுத்தது என்ற விமர்சனம் சரியா?

அதில் உண்மை உண்டு. ஒரு சட்டைக்காக வீட்டுச் செலவுக்கு மீறிப் பணம் கேட்ட பிள்ளைகளும், கொடுக்க முடியாமல் வருந்திய பெற்றோரும் இருந்தார்கள். ‘நம்மாலே’ என்ற சொல்லில் பெருமைப்பட்ட தெருவுக்குத் திரும்பி வந்த வேலையும் கல்வியும் எவ்வளவு என்ற கேள்வியும் நேர்மையானது. உற்பத்தி பெரிதானபோது அது ஹாலிஸ் வீட்டைவிட்டு வெளியேறியது. ஆனால் அதே இளைஞர்கள் அதே பணத்தை அதுவரை தங்களைப் பொருட்படுத்தாத நிறுவனங்களிடம் கொடுத்து வந்தனர் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். தங்களைப் போன்றவர்கள் நிறுவனம் நடத்தலாம், ஒப்பந்தத்தில் முதலாளியின் இடத்தில் கையொப்பமிடலாம் என்ற காட்சியே அன்று புதிது.

ஃபூபுவுக்குப் பிறகு ஜான் என்ன செய்தார்?

2009இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ஷார்க் டேங்க் நிகழ்ச்சியில், சிறுதொழில் முனைவோரின் திட்டங்களைக் கேட்டு முதலீடு செய்பவர்களுள் ஒருவராக அமர்ந்தார். அங்கே அவர் ஆதரித்தவற்றுள் மிகப் பெரிதாக வளர்ந்தது பாம்பாஸ் என்ற காலுறை நிறுவனம். ஒரு சோடி விற்றால் ஒரு சோடியை வீடற்றோருக்கு வழங்குவது அதன் முறை. தமக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதில் பிறவியிலேயே உள்ள டிஸ்லெக்சியா என்ற இடர்ப்பாட்டைப் பற்றியும் ஜான் வெளிப்படையாகப் பேசி வருகிறார். கடன் வாங்கும் முன் கையிலுள்ளதைக் கொண்டு விற்றுப்பாருங்கள் என்பது அவர் திரும்பத் திரும்பக் கூறும் அறிவுரை. வீட்டையே அடமானம் வைத்து அனுபவப்பட்டவர் சொல்வதால் அதற்கு எடை கூடுகிறது.

ஃபூபு இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. தொண்ணூறுகளின் ஆடைப்பாணி மீது புதிய தலைமுறைக்கு ஆர்வம் பிறந்தபோது அப்பெயரும் மீண்டும் கடைகளுக்கு வந்தது. 2018 செப்டம்பரில், பையர் மாஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் கெர்பி ஜீன்-ரேமண்ட் தம் நியூயார்க் ஆடை நிகழ்ச்சியில் ஃபூபுவுடன் சேர்ந்து உருவாக்கிய ஆடைகளைக் காட்டினார். நிகழ்ச்சிக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் புரூக்ளினின் வீக்ஸ்வில். அடிமைமுறை நியூயார்க் மாநிலத்தில் ஒழிந்த பின், 19ஆம் நூற்றாண்டில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தாமே நிலம் வாங்கி உருவாக்கிய குடியிருப்பு அது. சொந்த நிலம் வைத்திருப்பவருக்கே அந்நாளில் கறுப்பினத்தவருள் வாக்குரிமை இருந்ததால், அங்கே மனை வாங்குவது அவர்களுக்கு அரசியல் உரிமையாகவும் இருந்தது.